சுவரைப் பார்த்திருந்த பக்கம்

“தேய்க்காதீங்க.”

அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். முன்பின் தெரியாத ஒரு மனிதனின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டு, மழை இரைச்சலையும் மீறிக் கேட்கும்படி சொல்லிவிட்டாள். பிடித்த பிறகுதான் பிடித்திருப்பதே தெரிந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

மேம்பாலத்துக்கு அடியில் வாராவாரம் கூடும் பழஞ்சாமான் சந்தை அது. இரண்டு பக்கமும் மழை திரை கட்டித் தொங்கியது... நடுவில் தார்ப்பாயை விரித்து, கைப்பிடி போன கத்தரிக்கோல்களையும் சாவி தொலைந்த பூட்டுகளையும் பரப்பி உட்கார்ந்திருந்தார் கடைக்கார அம்மாள். அவருக்கு முன்னால் ஒரு மரப்பெட்டி நிறையப் பழைய தச்சுக் கருவிகள். பெட்டியின் இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் அவன். அவள் கையில் மரத்தை இழைக்கும் ஓர் இழைப்புளியின் மரக்கட்டை இருந்தது. அதில் செருகும் இரும்பு அலகை அவள் தேடிக்கொண்டிருந்தபோதே அவன் எடுத்துவிட்டான். எடுத்ததோடு விட்டானா? சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து, அலகின் நெற்றியில் படிந்திருந்த துருவைத் தேய்க்கப் போனான். அதற்குத்தான் அந்தத் ‘தேய்க்காதீங்க’.

“துருவுக்குக் கீழ என்ன இருக்குன்னு பாக்கத்தானே தேய்க்கிறேன்?” என்றான். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே கேட்டான்.

“துரு போறப்ப கீழ இருக்கிறதும் சேந்து போயிடும்.”

“அப்ப எப்படித்தான் பாக்கிறது?”

“பொறுமையா.”

அவன் சிரித்தான். இமைகளில் மழைத்துளிகள் இன்னும் உலராமல் ஒட்டிக்கொண்டிருந்தன. அமைதியான கண்கள்... எதையும் அவசரமாகப் பார்த்துப் பழகாத கண்கள். ‘பொறுமையைப் பற்றி இவருக்கா பாடம் நடத்தினோம்’ என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

ஆனால் விட்டுக்கொடுக்க முடியாது. அவள் நகரத்து அருங்காட்சியகத்தின் பின்கட்டில் வேலை பார்த்தாள். பழைய கைக்கருவிகளையும் அவற்றைச் செய்தவர்களையும் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். கதவைச் செதுக்கியவனை ஊர் பாராட்டும். கதவுக்கு உள்ளே வாழ்ந்தவனைச் சரித்திரம் எழுதும். கதவைச் செதுக்கிய உளியை அடித்துக் கொடுத்தவன் பெயரை யார் எழுதினார்கள்? ஒரு சின்ன முத்திரையாக இரும்பில் குத்திவிட்டுப் போனதுதான் அவன் விட்டுச்சென்ற ஒரே சுவடு. அதைத் துருவிலிருந்து மீட்டுப் படிக்கும்போதெல்லாம், தொழுகிறவர்களுக்கு வரும் ஓர் அமைதி அவளுக்கு வரும். இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. சொன்னால் அக்கா சிரிப்பாள்.

அவனுக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்த அலகின் நெற்றியில் துருவுக்கு நடுவே ஓர் இலையின் நுனி தெரிந்தது. அந்த இலை அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் முத்திரையாம். அவன் அப்பா ஆயுசு முழுக்க இலை முத்திரையைத் தேடித் தேடிச் சேர்க்கிறாராம். இதை விட்டுவிட்டுப் போனால் வீட்டில் ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டாராம்.

கடைக்கார அம்மாள் வெகுநேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கட்டையும் அலகும் ஜோடி. பிரிச்சுக் குடுக்கிறதில்லைன்னு இருந்தேன்,” என்றார். “ஆனா நீங்க ரெண்டு பேரும் இப்படியே உக்காந்திருந்தா என் யாவாரம் கெட்டுடும். ஆளுக்குப் பாதி வாங்கிக்கிட்டுப் போங்க. அப்புறம் நீங்களாச்சு, உங்க ஜோடியாச்சு.”

அவன் அலகைக் கட்டையின் வாய்க்கு மேலே ஒரு கணம் பிடித்துப் பார்த்தான். அவளும் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்... சொல்லவில்லை.

எழுந்து நின்றபோது அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? கடைசியா எப்ப கண்ணு பாத்தீங்க?”

“என்னது?”

“கண்ணாடி. இடது பக்கம் பவர் பத்தலை. அதான் எதைப் பாத்தாலும் தலையைச் சாய்க்கிறீங்க.” பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினான். “கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன். அலகைத் தேய்க்காம வெச்சிருக்கேன், வந்து பொறுமையா பாருங்க. வரும்போது கட்டையையும் கொண்டாங்க... ஜோடி பாவம்.”

கடை ஒரு ஒடுங்கலான தெருவில் இருந்தது. முன்னால் மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாக அடுக்கிய பெட்டிகள். பின்னால் திரை மறைத்த சின்ன அறை. சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்துப் பலகை. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, இரும்புச் சட்டத்தை மூக்கின்மேல் மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு எடுத்தான். இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டான். அவ்வளவு பக்கத்தில் அவன் முகம் இருந்தது. அவன் பார்த்தது அவள் கண்களை மட்டும்தான். அது அவன் தொழில். ஆனால் அவளை இதுவரை யாரும் அப்படி, அவசரமில்லாமல், ஓர் எழுத்தைப் படிப்பதுபோல் பார்த்ததில்லை. கடைசி வரிசை எழுத்துகள் தெளிவாகத் தெரிந்த பிறகும், சரியாகத் தெரியவில்லை என்று ஒருமுறை சொல்லிப்பார்த்தாள். அவன் சிரிக்காமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

புதுக் கண்ணாடியோடு தெருவில் இறங்கியபோது எதிர்ச்சாரி மரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. இத்தனை நாளும் பச்சையாக ஒரு மொத்தைதான் தெரிந்திருக்கிறது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கடை வாசலிலிருந்து அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். திரும்பவில்லை.

அதன் பிறகு அந்த இழைப்புளி நல்ல சாக்காகிவிட்டது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை முடிந்து கடைக்குப் போவாள். அலகின் நெற்றியில் எண்ணெய் தடவி ஊறவைத்து, மூங்கில் குச்சியால் துருவை ஒவ்வொரு பொட்டாக எடுப்பாள். அவன் அவளை ‘ஆராய்ச்சி’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். இந்த வேகத்தில் போனால் புத்தகம் வரும்போது படிக்க எல்லோருக்கும் தன் கடைக் கண்ணாடிதான் தேவைப்படும் என்று கேலி செய்வான். ஒருநாள் அவளுக்கென்றே ஒரு பூதக்கண்ணாடி தேய்த்து, அவள் கைக்கு அளவாகப் பிடி போட்டுக் கொடுத்தான். எப்போது அளவெடுத்தான் என்று அவள் கேட்கவில்லை. முதல் நாள் மணிக்கட்டைப் பிடித்தது அவள்தானே...

வீட்டில் அக்கா, “இரும்புல துரு எடுக்கப் போறவ எதுக்குடி தலையை மூணு தடவை வாரிக்கிறே?” என்று கேட்டாள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஒரு விடுமுறை நாளில் அவன் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான்.

அவன் அப்பா ரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுத்து ஓய்வுபெற்றவர். அம்மா தவறிப் பல வருஷமாகிவிட்டது. அப்பாவும் மகனும் மட்டும் இருந்த அந்த வீட்டின் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க அலகுகளும் உளிகளும் ஆணியில் தொங்கின. எல்லாம் முகம் பார்க்கும்படி மின்னின. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு சின்ன இலை.

“வாம்மா, வா. உனக்காகத்தான் காலையிலேர்ந்து துடைச்சு வெச்சேன்,” என்றார் பெரியவர். அவர் பேசப் பேச அவளுக்கு மனம் இளகிப்போனது. தனக்கு ஓர் ஆணிகூட நேராக அடிக்க வராது என்றார். முப்பது வருஷமும் கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரார் போகிற ஊருக்கெல்லாம் சீட்டுக் கிழித்ததுதான் மிச்சம் என்றார். ஆனால் தன் தாத்தா கருவிகள் செய்தவர், நெருப்போடு பேசியவர். அந்தக் கையின் ரத்தம் தன்னிடமும் ஓடுகிறது என்று நினைத்தால் கம்பிவலைக்குப் பின்னாலும் நிமிர்ந்து உட்காரத் தோன்றுமாம். எந்த அலகு கிடைத்தாலும் மோட்டார் சக்கரத்தில் பிடித்துத் துருவெல்லாம் போகத் தேய்த்துவிடுவாராம். இலையை மட்டும் தொடமாட்டாராம். அதைச் சுற்றிப் பார்த்துப் பார்த்துத் தேய்ப்பாராம்.

அவள் புத்தகத்தில் அவருக்காக ஒரு தனி அத்தியாயம் எழுதுவதாக வாக்குக் கொடுத்தாள். பெரியவர் அன்று மாலைக்குள் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

கடையில் இருந்த அந்த ஒற்றை அலகு மட்டும் அவர் கைக்குப் போகவில்லை. அவள் கேட்டுக்கொண்டதால் அவன் அதை மேஜை இழுப்பறையில் ஒளித்து வைத்திருந்தான். அதனால்தான் வினையும் வந்தது.

ஒரு மாலை, கடைசித் துருப்பொட்டும் விலகியபோது, இலைக்கு மேலே இன்னொரு முத்திரை எழுந்து வந்தது. வட்டத்துக்குள் ஒரு சாவி. இலையைவிடப் பெரிது, இலையைவிடப் பழையது. அருங்காட்சியகத்தில் சாவி முத்திரை அலகுகள் பல உண்டு. சாவி வேறொரு பட்டறைக்காரருடையது. அங்கே சில அலகுகளில் கீழே ஒரு சின்ன இலையும் உண்டு; யாரோ வாங்கியவரின் குறி என்று அதை அவள் இதுவரை பொருட்படுத்தியதில்லை. பூதக்கண்ணாடியை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. செய்தவர் முதலில் குத்துவார், மேலே குத்துவார். பிறகு வருவது, வாங்கி வைத்திருந்தவரின் அடையாளம். கருவி காணாமல் போகாமலிருக்க வேலைக்காரர்கள் தங்கள் குறியைக் குத்திக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம்தான்.

பெரியவர் தேய்த்துச் சுவரில் மாட்டிய அலகுகளெல்லாம் இலைக்கு மேலே வழுவழுவென்று இருந்தது அவள் கண்முன் வந்தது.

அவனிடம் சொன்னாள். அவன் பூதக்கண்ணாடியை வாங்கி அலகைப் பார்த்தான்.

“அப்ப எங்க கொள்ளுத்தாத்தா...”

“செஞ்சவர் இல்ல. வாங்கி வெச்சிருந்தவர். அவ்வளவுதான்.”

அந்த ‘அவ்வளவுதான்’ தேவையில்லாத வார்த்தை. சொன்ன உடனே அவளுக்கே அது தெரிந்தது.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது, புத்தகத்தில் அவர் நம்புகிறபடியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று அவன் கேட்டான். யாருக்கு என்ன நஷ்டம் என்றான். முடியாது என்றாள் அவள். சாவி முத்திரைக்காரருக்கும் பேரப்பிள்ளைகள் இருந்திருப்பார்கள், ஒருவர் பெயரை எடுத்து இன்னொருவருக்குச் சூட்டும் பாவத்தை என்னால் செய்ய முடியாது என்றாள். இருவர் குரலும் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இரும்புல இருக்கிற ஒரு பேருக்கு இருக்கிற மதிப்பு, எங்க அப்பா முகத்துக்கு இல்ல. அப்படித்தானே?” என்றான் அவன் கடைசியில். அலகை எடுத்து அவள் முன்னால் வைத்தான். “இதையும் நீங்களே வெச்சுக்கோங்க. உங்களுக்குத்தான் இது உதவும்.”

ஆராய்ச்சி என்று கூப்பிடவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

மழைக்காலம் முழு மூச்சாகப் பிடித்துக்கொண்டது. அவள் கடைத்தெருப் பக்கம் போவதை விட்டாள். அத்தியாயத்தை எழுத உட்காருவாள்; ‘இலை முத்திரை, உரிமையாளருடையது’ என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவாள். எழுதியது உண்மைதான். ஆனாலும் அந்த வரியை எழுதிய கையால் சோற்றைப் பிசையக் கூசியது. அக்கா இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேலியை நிறுத்திவிட்டாள். சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான்.

படுக்கப் போகுமுன் அவள் எப்போதும் சொல்லும் பிரார்த்தனையில் அன்று ஒரு வரி கூடியது. நான் ஜெயிக்க வேண்டாம், கடவுளே... எங்காவது தப்புச் செய்திருந்தால் காட்டிக்கொடு.

மறுநாள் அலகை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். அது அவர்கள் வீட்டுப் பொருள். சுற்றிக் கொடுப்பதற்குப் பழைய துணி ஒன்றைக் கிழித்தாள். இந்த ஈரத்தில் மறுபடி துருப்பிடித்துவிடுமே என்று நினைத்தாள். கோபத்தில் கொடுத்தாலும் அவன் கைக்கு நல்லபடியாகப் போகட்டும் என்று, எண்ணெய் தொட்டு முன்பக்கம் தடவினாள். திருப்பிப் பின்பக்கமும் தடவினாள்.

கட்டைவிரல் ஓரிடத்தில் தட்டியது.

ஜன்னலருகே கொண்டுபோனாள். பின்பக்கத்தில், கீழ்ப்பாதியில், ஒரு மெல்லிய கோடு குறுக்கே சாய்வாக ஓடியது. கோட்டுக்கு மேலே ஒரு நிற இரும்பு. கீழே வேறொரு நிறம். இரண்டையும் நெருப்பில் காய்ச்சி, அடித்து, ஒன்றோடொன்றாக ஒட்டியிருந்தார்கள். எந்தப் பட்டறையும் புது அலகை அப்படிக் குறுக்கே ஒட்டுப்போட்டுச் செய்வதில்லை.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமாகக் கருவிகளைப் பார்க்கிறவள்... முத்திரை முன்னால் இருக்கிறது என்று முன்பக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறாள். அருங்காட்சியகத்து அலகுகளையெல்லாம் முகத்தைப் பார்த்துத்தான் படமெடுத்து வைத்திருக்கிறாள். ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

அன்று பகல் முழுவதும் சேமிப்பறையில் இலை முத்திரை இருந்த எல்லாவற்றையும் எடுத்துத் திருப்பினாள். மேலே இருந்த முத்திரைகள் வேறு வேறு: சாவி, பிறை, இரண்டு எழுத்து. ஆனால் எல்லாவற்றின் முதுகிலும் அதே குறுக்குக் கோடு. தேய்ந்து தேய்ந்து துண்டாகிப்போன அலகுகள் அவை. புதிது வாங்க வழியில்லாதவர்கள் கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும். ஒருவர் அதில் புது எஃகை ஒட்டி, மறுபடி ஓர் ஆயுள் கொடுத்து, ஒரு சின்ன இலையைக் குத்தி அனுப்பியிருக்கிறார். அந்த இலை எந்த அலகிலும் மேலே இருந்த முத்திரையைத் தொடவில்லை. தள்ளி, கீழே, சின்னதாக.

அவனிடம் போகவில்லை அவள். நேராகப் பெரியவரைப் பார்க்கப் போனாள்.

கதவு திறந்ததும் அவள் கண் கூடத்துச் சுவருக்குப் போனது. சுவர் காலியாக இருந்தது. அலகுகள் தொங்கிய இடத்தில் சுண்ணாம்பு மட்டும் வெளுப்பாக, அலகு அலகாக, அவற்றின் வடிவத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. மகன் அன்றைக்கே சொல்லிவிட்டிருக்கிறான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறைக்க அவனால் முடியவில்லையாம். பெரியவர் எல்லாவற்றையும் கழற்றி டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாராம்.

“வாம்மா,” என்றார் இப்போதும். “உன் மேல கோவம் இல்ல. இருக்கிறதைத்தானே சொன்னே.” நனைந்திருந்தவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தார்.

அவள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். “நான் பாதிதான் பாத்தேங்கய்யா. அவசரப்பட்டுட்டேன். உங்க அலகையெல்லாம் ஒரு தடவை பின்பக்கம் பாக்கணும்.”

பின்பக்கமா என்று அவர் விழித்தார். சுவரைப் பார்த்திருந்த பக்கத்தில் என்ன இருக்கப்போகிறது என்று அதை அவர் ஒருநாளும் தேய்த்ததில்லை.

பெட்டியைத் திறந்தார்கள். மழை இருட்டில் கூடம் மங்கிக் கிடந்தது. மேஜை விளக்கைத் தரையில் இறக்கி வைத்தார்கள். ஒவ்வொரு அலகாகத் திருப்பி வைத்தாள். முன்பக்கம் கண்ணாடிபோல் மின்னிய ஒவ்வொன்றின் முதுகும் கறுத்துக் கிடந்தது. ஒவ்வொன்றிலும் அந்தக் குறுக்குக் கோடு. அவர் விரலைப் பிடித்து ஒன்றின்மேல் வைத்தாள். அது என்னவென்று மெதுவாக எடுத்துச் சொன்னாள்.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கோட்டைத் தடவினார்.

“அப்ப அவரு செஞ்சவரு இல்ல...”

“இல்லீங்கய்யா. மத்தவங்க செஞ்சதை வீணாப் போக விடாதவரு. ஒரு தடவைகூட அவரு இலை இன்னொருத்தர் பேரு மேல ஏறலை.”

அவர் ஓர் அலகைத் திருப்பி, இலைக்கு மேலே வழுவழுப்பாக இருந்த இடத்தைப் பார்த்தார்.

“நான் ஏறிட்டேனேம்மா,” என்றார். “துருன்னு நெனச்சு... எல்லார் பேரையும் தேய்ச்சுட்டேனே.”

ஆறுதலாகச் சொல்ல அவளிடம் பொய் எதுவும் இல்லை. பொய்க்குப் பதிலாக வேலை ஒன்று இருந்தது. விளக்கைத் தூக்கி அலகின் பக்கவாட்டில் தாழப் பிடிக்கச் சொன்னாள். வெளிச்சம் சாய்ந்து விழுந்தால் அழிந்த குழியும் சில நேரம் நிழல் காட்டும். முதல் மூன்றில் ஒன்றும் தெரியவில்லை. நான்காவதில், பூதக்கண்ணாடிக்குக் கீழே, ஒரு வளைவு... பிறையின் வயிறு.

“இருக்கு,” என்றாள்.

விளக்கைப் பிடித்திருந்த பெரியவர், “ஆண்டவனே,” என்றார், மிக மெதுவாக.

அவன் கடையை அடைத்துவிட்டு வந்தபோது அவர்கள் இருவரும் தரையில் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். குடையிலிருந்து தண்ணீர் சொட்ட வாசலிலேயே நின்றுவிட்டான். அப்பாதான் நிமிர்ந்தார். கை வலிக்கிறது, வந்து விளக்கைப் பிடி என்றார். பின்பக்கத்துக் கோட்டையும் தாத்தாவையும் பற்றி அவரே மகனுக்குச் சொன்னார். சொல்லும்போது முதுகு நிமிர்ந்திருந்தது. அத்தியாயத்தில், முத்திரைகளைத் தேய்த்தது யார் என்பதையும் சேர்த்து எழுதும்படி அவளிடம் கேட்டுக்கொண்டார். பிறகு தேநீர் போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

மழை ஓட்டின்மேல் சீராக விழுந்துகொண்டிருந்தது. அவள் பையிலிருந்து துணிச்சுற்றை எடுத்து அவனிடம் நீட்டினாள். கட்டையையும் எடுத்து வைத்தாள்.

“உங்க பொருள். திருப்பிக் குடுக்கத்தான் எடுத்து வெச்சேன்.”

“நான் அன்னைக்குப் பேசினது தப்பு,” என்றான் அவன்.

“நானும்தான். அவ்வளவுதான்னு சொல்லியிருக்கக் கூடாது.”

அவன் துணியைப் பிரித்தான். இரண்டு பக்கமும் எண்ணெய் தடவியிருந்ததைப் பார்த்தான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அலகைக் கட்டையின் வாயருகே கொண்டுபோனான். அலகு வாயிலேயே நின்றுவிட்டது. அலகு அகலம், வாய் குறுகல். எந்தக் காலத்திலும் அது அதற்குள் போயிருக்க முடியாது.

“எனக்கு அன்னைக்கே தெரியும்,” என்றான் தலைநிமிராமல். “அளவு பாக்கிறதுதானே என் தொழில். அந்தம்மா ஜோடின்னு சொன்னப்பவே தெரியும், ஜோடி இல்லைன்னு. சொல்லிட்டா நீங்க கட்டையை எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்க. மறுபடி உங்களைப் பாக்க எனக்கு ஒரு சாக்கும் இருக்காது. அதான் வாயைத் திறக்கலை.” ஒரு கணம் நிறுத்தினான். “உங்களை எனக்குப் புடிச்சிருக்கு, ஆராய்ச்சி. நான் சொன்னதுல அது ஒண்ணுதான் முதல்லேர்ந்து நிஜம்.”

ஆராய்ச்சி. அந்தச் சொல் திரும்பி வந்ததும் அவள் கண்ணாடி மங்கியது. கழற்றித் துடைத்தாள். துடைத்து முடிக்கவே முடியவில்லை.

“இழைப்புளியைப் பத்திப் புத்தகம் எழுதுறவளுக்கு அது தெரியாதுன்னு நெனச்சீங்களா?” என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்த அவசரமில்லாத கண்கள்... முதன்முதலாக அவசரப்பட்டன.

“அப்ப நீங்க ஏன்...?”

“உங்களுக்கு இருந்த அதே காரணம்தான்.”

பெரியவர் தேநீரோடு வந்தார். இருவருக்கும் நடுவில் கட்டையும் அலகும் இருப்பதைக் குனிந்து பார்த்தார்.

“அது இதுக்குள்ள போகாதேடா,” என்றார். “ஆணி அடிக்கத் தெரியாத எனக்கே தெரியுது.”

“தெரியும்ப்பா,” என்றாள் அவள்.

இத்தனை நாளும் ஐயா என்று அழைத்த வாய். பெரியவர் டம்ளர்களைக் கீழே வைத்தார். அவளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அலமாரிக்குப் போய்ச் சுத்தியலையும் இரண்டு ஆணிகளையும் எடுத்து வந்து மகன் கையில் கொடுத்தார்.

“உள்ள போகலேன்னா என்ன? பக்கத்துல பக்கத்துல மாட்டு,” என்றார். “அலகை மட்டும் திருப்பி மாட்டு. முதுகு தெரியட்டும்.”